வாயில்லா ஜீவன்களும் ஆலய வாசலும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நம் மண்டபத்தில் நடைபெற்ற உபயக்காரர் ஒன்றுகூடலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் வழக்கமாகப் பேசுவோர் சமயச் சொற்பொழிவாளர்கள். அடியேன் அத்தகுதி உடையவன் அல்லன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கால்நடை மருத்துவ உதவியாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மாட்டுக்கு ஊசி போட்டும் நாய்க்குக் கட்டுக் கட்டியும் பழகிய கைகள் ஒலிவாங்கியைப் பிடிக்கச் சற்றுக் கூசத்தான் செய்கின்றன. ஆயினும் தலைவர் அவர்கள் என்னைப் பேசப் பணித்தமைக்குக் காரணம் உண்டு. அதை நீங்களும் அறிவீர்கள்.

நம் ஆலய வளாகத்தில் இன்று பதினொரு நாய்களும் ஏறத்தாழ அதே அளவில் பூனைகளும் இருக்கின்றன. சென்ற மாதம் மடைப்பள்ளியின் பின்புறம் குட்டி ஈன்றிருந்த பெண் நாய் ஒன்று, பந்தெடுக்கச் சென்ற சிறுவனின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. இறையருளால் காயம் பெரிதன்று, தடுப்பூசியும் போடப்பட்டுவிட்டது. ஆனால், கொடியேற்றத்திற்கு முன்பாக நகராண்மைக் கழகத்திற்குக் கடிதம் எழுதி எல்லா நாய்களையும் பிடித்துச் செல்லும்படி கேட்பதா, வேண்டாமா என்பதில் நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பால்குடம் ஏந்தி வரும் பிள்ளைகளின் பாதுகாப்பு முக்கியம் என்கிறார் ஒரு சாரார். ஆலயத்தை அடைந்த உயிர்களைப் பிடித்துக் கொடுப்பது பாவம் என்கிறார் மறு சாரார். இரு சாராரும் சொல்வது மெய்யே. ஆகவேதான் இதில் அனுபவப்பட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்ல வந்தேன்.

முதலில், இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. இந்த ஆலயம் ரப்பர்த் தோட்டத்துக் கோயிலாக இருந்தது. சுற்றிலும் லயங்கள் இருந்தன. லயத்துக்கு லயம் நாய்கள் இருந்தன. விடியற்காலை நான்கு மணிக்குப் பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு முன்னால் ஓடி, பாம்பு இருந்தால் குரைத்துக் காட்டியவை அவை. காட்டுப்பன்றி வந்தால் விரட்டியவை அவை. நிலம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம் மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, நான்காம் மாடியில் நாய் வளர்க்க முடியவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிய லாரிக்குப் பின்னால் நாய்கள் செம்மண் சாலையில் வெகுதூரம் ஓடி வந்ததை இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்கள் சிலர் பார்த்திருக்கிறார்கள். லயங்கள் போயின, மரங்கள் போயின, நின்றது கோயில் மட்டுமே. மனிதக் குரலும் சோற்று மணமும் இருந்த ஒரே இடத்திற்கு அவை வந்து சேர்ந்தன. இன்று மண்டபத் தூணோரம் படுத்திருப்பவை அவற்றின் பேரன் பேத்திகளுக்குப் பேரன் பேத்திகள். மற்றவை பின்னாளில் தாமான்களிலிருந்து வந்தவை.

வந்தவை என்று சொல்வதும் முழுமையாகச் சரியன்று. கொண்டுவந்து விடப்பட்டவை. வெள்ளிக்கிழமை இரவு பூசை முடிந்து கதவடைத்த பிறகு, ஒரு கார் வந்து நிற்கும், ஒரு பெட்டி இறங்கும், கார் போய்விடும். காலையில் பண்டாரம் வந்து பார்த்தால் உள்ளே நான்கு பூனைக்குட்டிகள், கண்கூடத் திறக்காதவை. விட்டுச் செல்கிறவர் கொடியவர் அல்லர். சாக்கடையில் போட மனமில்லாததால்தான் கோயிலுக்குக் கொண்டு வருகிறார். "அம்மா பார்த்துக்கொள்வாள்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டும் போகிறார். ஆனால் அம்பாளின் சந்நிதி காலையில்தான் திறக்கும். அதற்குள் குட்டிகள் குளிரில் விறைத்துவிடும், அல்லது எறும்பு மொய்த்துவிடும்.

மகாபாரதத்தின் இறுதிப் பகுதியில் தருமபுத்திரர் நாயைவிட்டுச் சொர்க்க ரதத்தில் ஏற மறுத்த கதையை நாம் அனைவரும் அறிவோம். நாயின் பெருமையைச் சொல்ல அக்கதையை எடுத்தாளுகிறோம். அது நாயின் பெருமையைப் பற்றிய கதையன்று என்பது அடியேனின் தாழ்மையான கருத்து. தன்னைப் பின்தொடர்ந்து வந்ததைக் கைவிடுவது எத்துணைப் பெரிய பாவம் என்பதே அங்கே பேசப்படுகிறது. அழகான நாய், பயன்படும் நாய் என்றெல்லாம் தருமர் வாதிடவில்லை. என்னை நம்பி வந்தது, ஆகவே விடமாட்டேன் என்கிறார். அவ்வளவே. நம் கருப்பர் சந்நிதியில் இருக்கும் நாய்ச் சிலைக்குச் சந்தனம் சாற்றிவிட்டு வெளியே வந்து உயிருள்ள நாயைக் கல்லால் அடிக்கிறோமே என்று பலரும் குறைபட்டுக்கொள்வதுண்டு. அது பழைய குறை. அதை விடுத்து மேலே செல்வோம்.

அன்பர்களே, இரக்கம் வேறு, இரங்கத் தெரிதல் வேறு. நம் மக்களிடம் இரக்கத்திற்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமைகளில் பரிகாரமாகக் கருப்பு நாய்க்கு உணவிட வருகிறவர்கள் எத்தனை பேர்! தேய்பிறை அஷ்டமியில் பைரவரை நினைத்துப் பொட்டலத்தோடு வருகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் என்ன கொண்டு வருகிறோம் என்பதைப் பார்க்கவேண்டும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயாசத்திலும் கிடக்கும் உலர்ந்த திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது. எந்த நாய்க்கு எத்தனை திராட்சை கேடு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒன்றுகூட வேண்டாம். வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும். பூனைக்கு நாம் வைக்கும் பசும்பாலை அதன் வயிறு ஏற்பதில்லை. பெரும்பாலான பூனைகளுக்கு அது கழிச்சலைத் தரும்.

இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். பூனை மாமிசம் உண்ணவே படைக்கப்பட்ட பிராணி. டாரின் என்னும் சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்கிறது. அது இல்லாமல் தயிர்சாதத்தையே மாதக்கணக்கில் போட்டு வளர்த்தால் பூனையின் கண்பார்வை மங்கும், இதயம் வீங்கித் தளரும். நாயாவது தக்க முறையில் சமைத்த மரக்கறி உணவில் வாழ்ந்துவிடும், பூனையால் முடியாது. ஆலயத்தின் தூய்மை காக்கப்பட வேண்டியதே. அதற்காகத்தான் பின்வாசலுக்கு வெளியே, சாக்கடைக்கு அப்பால், கார் நிறுத்துமிடத்தின் மூலையில் பூனைகளுக்கு உலர் தீனி வைக்கும் இடம் ஒன்றை ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டேன். மதிலுக்குள் வேண்டாம், மதிலுக்கு வெளியே போதும்.

பெட்டியில் வந்த குட்டிகளுக்கு வருவோம். இதில்தான் நல்லெண்ணம் கொண்டவர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். பூனைக்குட்டிகளைக் கண்டதும் உடனே தூக்காதீர்கள். பெட்டியில்லாமல், மரக்கட்டைக்கு இடையிலோ பழைய பந்தல் சாமான்களுக்குப் பின்னாலோ இருந்தால், தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கலாம். சில மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். தாயைவிடச் சிறந்த மருத்துவர் எவருமில்லை. ஒட்டுநாடா ஒட்டிய பெட்டியென்றால் அது மனிதர் வைத்தது, காத்திருக்க வேண்டியதில்லை.

எடுத்தவுடன் பால் புகட்டக் கூடாது. முதலில் வெதுவெதுப்பு. சில்லிட்ட குட்டியின் குடல் பாலைச் செரிக்காது. போத்தலில் சுடுநீர் ஊற்றி, துண்டில் நன்றாகச் சுற்றி, குட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். விலகிப் படுக்கவும் இடம் விடுங்கள். உடல் சூடேறிய பின்பே பால். அதுவும் பசும்பாலோ கெட்டிப்பாலோ அன்று. செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவு. குழந்தையை மடியில் கிடத்துவதுபோல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்க் குட்டி இறந்துவிடும். தாயிடம் குடிக்கும்போது இருப்பதுபோல் குப்புற இருக்கவேண்டும். கண் திறக்காத குட்டிக்கு இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் தேவை. ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் பின்புறத்தை மெல்லத் துடைத்துவிட்டால்தான் அது சிறுநீர் கழிக்கும். தாய் நாவால் செய்வதை நாம் பஞ்சால் செய்கிறோம். பிறந்து ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். நான்கு வாரத்தில் குழைத்த தீனியைத் தானே நக்கும். எட்டு வாரத்திற்கு முன் பிறர் வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. இவ்வளவு செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. நம் மகளிர் பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மையார் ஈராண்டுகளாக இதைச் செய்து வருகிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை. இறந்த குட்டிகளைத் தம் வீட்டு மல்லிகைச் செடியடியில் புதைத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் கோலம் போட வந்துவிடுவார்.

காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பனடோல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெய்யன்பர்களே, ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. மனித மருந்தை எந்தப் பிராணிக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இனி நாய்களின் நோயைப் பற்றிச் சிறிது. மூன்றாண்டுகளுக்கு முன் தைப்பூசம் கழிந்த வாரத்தில் நம் வளாகத்திற்குள் ஒரு நாய் வந்தது. உடலில் ஒரு பிடி உரோமம்கூட இல்லை. தோல் யானைத்தோல்போல் தடித்து, வெடித்து, நாற்றமெடுத்தது. இரவெல்லாம் சொறிந்து சொறிந்து இரத்தம். பக்தர்கள் முகஞ்சுளித்தார்கள், கடைக்காரர்கள் சுடுநீரை ஊற்றினார்கள். யாரோ ஒருவர் நல்ல மனத்தோடு, பட்டறையிலிருந்து கழிவெண்ணெய் வாங்கி வந்து உடல் முழுதும் பூசிவிட்டார். தோட்டத்துக் காலத்து வைத்தியம் அது. கார் இயந்திரத்திலிருந்து வடித்த அந்தக் கறுப்பெண்ணெய் நஞ்சு. நாய் தன் உடலை நக்கும். எண்ணெய் வயிற்றுக்குள் போகும். தோல் வழியாகவும் ஏறும். சொறியைவிட எண்ணெயே முதலில் கொன்றுவிடும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை நாளாயிற்று.

அந்நோய் சொறிப்பூச்சி என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரால் வருவது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். சபிக்கப்பட்ட நாய் என்று அதை விரட்டியவர்கள் அறியவேண்டியது, அது மிக எளிதாகக் குணமாகும் நோய்களில் ஒன்று என்பதே. மென்று தின்னும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன; சில வகை மாதத்திற்கு ஒன்று, சில வகை மூன்று மாதத்திற்கு ஒன்று போதும். கூடவே புண்ணுக்கு மருந்தும் வயிறு நிறையச் சோறும். இரண்டு வாரத்தில் சொறிதல் நின்றது. இரண்டு மாதத்தில் பழுப்பு நிற உரோமம் முளைத்து, இது எந்த வீட்டு நாய் என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. சுடுநீர் ஊற்றிய கடைக்காரர் ஒருவரே, "இதை நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை, அவர் வீடு அடுக்குமாடியில். இப்போது அது ஒரு காய்கறித் தோட்டத்தில் காவல் செய்கிறது.

எல்லா நோயும் இப்படி முடிவதில்லை. நாய்க்குட்டிகளைக் கொள்ளைகொள்ளும் பார்வோ நோயில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வந்து ஓரிரு நாளில் மடியும். அக்கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். சாதாரணச் சவர்க்காரத்திற்கு அஞ்சாது. வெளுப்பு நீரால்தான் அழியும். ஆகவே ஒரு குட்டி இறந்த இடத்தில் தடுப்பூசி போடாத அடுத்த குட்டியை விடுவது அதைத் தூக்குமேடைக்கு அனுப்புவதற்குச் சமம். ஆலயம் பாதுகாப்பான இடம் என்று நம்பிக் குட்டிகளை இங்கே விடுகிறவர்களுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது? பூனைகளுக்கு முகத்திலும் காலிலும் ஆறாத புண் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்னும் பூஞ்சைநோய் நம் நாட்டுப் பூனைகளிடையே உண்டு. நகம் கீறினால் மனிதருக்கும் தொற்றும். மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால் பூனையும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார்.

வெறிநோயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடமை தவறியவனாவேன். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் பரவிப் பல மனித உயிர்களைப் பறித்தது. அறிகுறி தோன்றிய பின் அதற்கு மருந்தில்லை. நாய் கடித்தால், அல்லது கீறினால், அக்கணமே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பிறகு தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்கலாகாது. பயந்து நாய்களைக் கொல்வதால் இந்நோய் அடங்குவதில்லை. ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட்டால் அடங்கும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இப்போது நம் முன்னிருக்கும் கேள்விக்கு வருகிறேன். பிடித்துக் கொடுத்துவிட்டால் என்ன? சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை அவ்வாறு செய்ததை மூத்த உறுப்பினர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். வளாகம் வெறிச்சோடியது. அடுத்த பங்குனிக்குள் வேறு ஏழு நாய்கள் வந்துவிட்டன. ஏன்? மண்டபத்துக்குப் பின்னால் அன்னதானத்து வாழையிலைகள் மூடியில்லாத தொட்டிகளில் கிடக்கின்றன. சோறு இருக்கும் இடம் காலியானால் பக்கத்துச் சாலையில் பசித்திருக்கும் நாய் அங்கே வரும். பழைய நாயாவது நம் முகம் அறிந்தது, மேளத்துக்கும் வெடிக்கும் பழகியது. புதிய நாய்க்கு நம்மையும் தெரியாது, நாதசுரத்தையும் தெரியாது.

சிறுவனைக் கடித்த நாயைப் பற்றியும் நியாயமாகப் பேசவேண்டும். குட்டியோடு இருக்கும் தாய், நெருங்கும் எவரையும் எதிர்க்கும். அது அதன் இயல்பு. நாய் ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள் சுமந்து குட்டி ஈனும். ஆண்டுக்கு இருமுறைவரை ஈனக்கூடும். பூனையோ பிறந்த நான்கைந்து மாதத்திலேயே கருவுறத் தொடங்கி, பால் கொடுக்கும் காலத்திலேயே மீண்டும் கருத்தரிக்கும். இந்தக் கணக்கோடு போட்டியிட்டு எந்தக் காப்பகமும் வென்றதில்லை. சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் 1958ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் உழைத்தும் கொண்டுவந்து விடப்படும் குட்டிகளின் வரிசை குறைந்தபாடில்லை. கருத்தடை அறுவை ஒன்றுதான் வழி. கருத்தடை செய்த பெண் நாய்க்குக் குட்டி இல்லை. குட்டி இல்லையேல் அதைக் காக்கும் சீற்றமும் இல்லை. அதைச் சுற்றி ஆண் நாய்கள் கூட்டமாகச் சண்டையிடுவதும் இல்லை. சிங்கப்பூரில் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, இடமிருந்தால் வீட்டுக்குக் கொடுத்து, இல்லையேல் பழைய இடத்திலேயே விட்டுக் கண்காணிக்கும் திட்டத்தை 2018 நவம்பரில் அரசே தொடங்கியது. அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடையையும் 2024 செப்டம்பரில் நீக்கி, உரிமம் பெற்று இரண்டு பூனைகள்வரை வளர்க்க வழிசெய்தார்கள். இங்கிருந்து குடியேறிய நம் உறவினர்கள் பலர் அதுவரை மறைத்து வளர்த்த பூனையை இப்போது சன்னலோரம் உட்காரவைத்துப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்புகிறார்கள்!

கருத்தடை இயற்கைக்கு மாறானது, பாவம் என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் பத்துக் குட்டிகள் பிறந்து, எட்டு சாலையில் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்தப் புண்ணியம் என்று திருப்பிக் கேட்க எனக்கு வயது போதாது. ஆனால் அக்கேள்வி எனக்குள் இருக்கிறது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். முன்பு பிராணியைக் கொடுமைப்படுத்தினால் இருநூறு வெள்ளி அபராதம் என்றிருந்த காலம் உண்டு. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, குறைந்தது 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளிவரை அபராதமோ, மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

புதிய வீடு தேடுவதுதான் மிகக் கடினமான பணி. பூனைகளுக்கு இதில் அதிர்ஷ்டம் அதிகம். மலாய் அன்பர்கள் பூனையை மிகவும் நேசிப்பவர்கள். நம் ஆலயத்துப் பூனைகளில் பாதிக்கு மேல் பக்கத்துக் கம்பத்து வீடுகளில்தான் சுகமாக வாழ்கின்றன. நாய்களுக்கு நிலத்தோடு கூடிய வீடு வேண்டும், அண்டை அயலாரின் மனம் நோகாத சூழல் வேண்டும், உரிமம் வேண்டும். குட்டி என்றால் கை நீட்டுகிறார்கள். வளர்ந்த நாயென்றால் பின்வாங்குகிறார்கள். ஆண் வேண்டும், பெண் வேண்டாம். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கேட்கிறவருக்கு நாங்கள் கொடுப்பதில்லை. பரிசின் மோகம் மூன்று மாதம். நாயின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறோம். வாயிற்கதவு உண்டா, நாள் முழுதும் சங்கிலியில் கட்டுவார்களா, வீட்டிலுள்ள அனைவருக்கும் சம்மதமா, வாடகை வீடா, பாலிக் கம்போங் போகும்போது யார் பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் கேட்கிறோம். பெண் கொடுப்பதற்குக்கூட இவ்வளவு விசாரிப்பதில்லையே என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். கோபித்தவர் மறுவாரமே வந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி அழைத்துச் சென்றார், நல்ல வீடு. வளர்க்க முடியாமற்போனால் எங்களிடமே திருப்பித் தரவேண்டும், வேறு கோயில் வாசலில் விடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

வீடு கிடைக்காதவையும் உண்டு. நம் பழைய கருப்பிக்குப் பதின்மூன்று வயது இருக்கும்; ஒரு கண் தெரியாது. அதை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், தேர் நிற்கும் இடத்தின் நிழலை விட்டு அது போகாது. அதற்கு இதுதான் வீடு.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கடிதத்தை இப்போது அனுப்பவேண்டாம். கடித்த தாய் நாயும் அதன் ஐந்து குட்டிகளும் இரண்டு வாரமாக என் வீட்டுப் பின்புறத்தில் இருக்கின்றன. திருவிழா முடியும்வரை அங்கேயே இருக்கும். எஞ்சிய பத்தில் நான்கு ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்டவை. காது நுனியில் வெட்டு இருப்பதைக் காணலாம். ஆறு பாக்கி. தனியார் கிளினிக்கில் ஒரு பெண் நாய்க்குச் சில நூறு வெள்ளி ஆகும். கொடியேற்றத்திற்கு முன் ஆறையும் முடிக்க இயலாது. பெண் நாய்கள் மூன்றையாவது முடிக்கலாம். அறுவை முடிந்தபின் பத்துப் பதினான்கு நாள் தையல் நனையாமல் வைத்திருக்க இடம் வேண்டும். பழைய வாகனக் கொட்டகையை நிர்வாகம் தந்தால் போதும். திருவிழா நாள்களில் எல்லா நாய்களும் அங்கேயே கட்டப்பட்டிருக்கும். இளைஞர் பகுதியினர் இருவர் காவல் இருக்க ஒப்புக்கொண்டுள்ளார்கள். அன்னதானக் குழுவினர் இலைத் தொட்டிகளுக்கு மூடி போடவேண்டும். பின்வாசலுக்கு ஒரு விளக்கும், நள்ளிரவில் பெட்டி இறக்குவோர் கண்ணில் படும்படி ஓர் அறிவிப்புப் பலகையும் வேண்டும். அப்பலகையில் வசைமொழி வேண்டாம். "குட்டிகளை இங்கே விடாதீர்கள், எங்களிடம் வந்து பேசுங்கள்" என்று மூன்று மொழியிலும் எழுதினால் போதும். அடுத்த ஆண்டு இதே நாளில் இன்னொரு குழந்தை கடிபட்டிருந்தால், அப்போது கடிதத்தை நானே எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் நாயைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்கிறோம். வேன் ஒன்று தேவை. பழைய துண்டுகள், செய்தித்தாள்கள், பெரிய கூண்டு வைத்திருப்போர் செயலாளரிடம் தெரிவிக்கலாம். அன்று காலை யாரும் அவற்றுக்குச் சோறு போட்டுவிடாதீர்கள். மயக்கமருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்கவேண்டும்.